பத்து நாள், ஒரே தீவு
வாசகர் கேள்வி – பதில்

அந்தமானில் தோப்புக்குள்ளும் கடலோரத்திலும் இருக்கும் இயற்கை ஹாஸ்டல்களில் தங்கி, அவசரமில்லாமல் ஓய்வெடுத்து வருவது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். பெரும்பாலானவை பழைய வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவை. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். முதலில் பெயர்கள்: ஹேவ்லாக் தீவு 2018-இல் சுவராஜ் தீவு ஆனது, நீல் தீவு ஷஹீத் தீவு ஆனது. தலைநகர் போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம். ஊரார் இன்னமும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், இங்கேயும் அப்படியே.

பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. ஏஜென்ட் ஒருவர் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், பாராடங், டிக்லிபூர் என்று ஐந்து இடம் போட்டுக் கொடுத்தார். எனக்கு வேண்டியது ஓய்வு. என்ன செய்யலாம்?
– பள்ளி ஆசிரியை, குடியாத்தம்

பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். முதலில் டிக்லிபூர். போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய 300 கி.மீ. வடக்கே இருக்கிறது. போக ஒரு பகல், வர ஒரு பகல். வழியில் ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதிக்குள் வண்டிகள் கான்வாயாக, அதாவது ஒன்றாக வரிசைகட்டித்தான் போக முடியும். நடுவில் நிறுத்துவது, படம் எடுப்பது, அவர்களிடம் தின்பண்டம் நீட்டுவது எல்லாமே குற்றம். பாராடங்குக்கும் அதே சாலைதான். ஓய்வுக்குப் போகிறவர் விடியாத நேரத்தில் எழுந்து கான்வாய் வரிசையில் உட்கார்ந்திருப்பானேன்?

தீவு மாறுவதற்கும் ஒரு விலை உண்டு. காலையில் மூட்டை கட்டி, பத்து மணிவாக்கில் அறையைக் காலி செய்து, படகு புறப்பட ஒரு மணி நேரம் முன்பே ஜெட்டிக்குப் போய், கடலில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம், இறங்கியதும் ஆட்டோ பேரம், அடுத்த ஹாஸ்டலில் படுக்கை தயாராகும்வரை காத்திருப்பு. ஒரு பகல் போய்விட்டது. ஐந்து இடம் என்றால் பத்து நாளில் பாதி இப்படியே கரையும்.

எங்கள் கணக்கு இதுதான்: பத்து நாளில் ஒன்பது இரவு. முதல் இரவு போர்ட் பிளேர், ஏழு இரவு நீல், கடைசி இரவு மறுபடி போர்ட் பிளேர். கடைசி இரவை மட்டும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். காற்று பலமாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. அந்தமானில் பணம் போகிற மிகச் சாதாரணமான வழி இதுதான். காலையில் தீவிலிருந்து படகு, அன்று பிற்பகலே சென்னைக்கு விமானம் என்று போட்டுவிட்டுத் தவிப்பார்கள்.

ஏன் நீல்? பரப்பு சுமார் 14 சதுர கி.மீ. வாடகை சைக்கிளிலேயே தீவு முழுவதும் சுற்றிவிடலாம். ஹேவ்லாக் அதைப்போல் ஆறேழு மடங்கு. அங்கே ஸ்கூட்டர் தேவைப்படும், டைவிங் கடைகளும் கூட்டமும் அதிகம். ராதாநகர் கடற்கரையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் நீலின் ஏழில் இரண்டு இரவை ஹேவ்லாக்குக்குக் கொடுங்கள். இரு தீவுக்கும் நடுவே நேரடிப் படகு உண்டு.

கப்பலில் போனால்தான் அவசரமில்லாத பயணம் என்கிறார் என் மகன். சரியா? காட்பாடியிலிருந்து எப்படிப் போவது?
– ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், ராணிப்பேட்டை

ஆசை நல்லதுதான். சென்னையிலிருந்து கப்பலில் ஏறத்தாழ 60 மணி நேரம், அதாவது மூன்று பகலைத் தொடும். மாதத்துக்குச் சில கப்பல்கள்தான், தேதியும் நிலையில்லை. ராஜாஜி சாலையில் உள்ள கப்பல் சேவை அலுவலகத்தில் விசாரித்து, தேதி உறுதியான பிறகே மற்ற ஏற்பாடுகளைச் செய்யுங்கள். பங்க் வகுப்பு மலிவு. ஆனால் பெரிய கூடத்தில் அடுக்குப் படுக்கை, பொதுக் கழிப்பறை, வயதானவர்களுக்குச் சிரமம். கேபின் எடுங்கள். போக, வர இரண்டுக்கும் கப்பலை நம்ப வேண்டாம். போகும்போது கப்பல், திரும்பும்போது விமானம் என்று வைத்துக்கொண்டால் தேதி தள்ளிப்போனாலும் சமாளிக்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் கப்பலை மறந்துவிடுங்கள்.

விமானம் என்றால் காட்பாடியிலிருந்து சென்ட்ரல் சுமார் 130 கி.மீ., விரைவு ரயிலில் இரண்டு மணி நேரம். சென்ட்ரலில் இறங்கி நீல வழித்தட மெட்ரோ பிடித்தால் மாறாமல் விமான நிலையத்துக்கே போய்விடலாம். ஆனால் அதிகாலை விமானமென்றால் மெட்ரோ ஓடத் தொடங்கும் முன்பே நீங்கள் உள்ளே இருக்க வேண்டும். முந்தின இரவே சென்னைக்குப் போய்விடுங்கள்.

படகிலும் கப்பலிலும் வாந்தி வரும் ஆள் என்றால் கீழ்த்தளத்தில் நடுப்பகுதி இருக்கை கேளுங்கள். முன்முனைதான் அதிகம் தூக்கிப் போடும். போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். வாந்தி மாத்திரையைப் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை. நீங்கள் வேறு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் எதைப் போடலாம் என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விஐடி ஹாஸ்டல் மாதிரி இருக்குமா? படத்தில் எல்லாமே அழகாகத்தான் தெரிகிறது. எதைப் பார்த்து முன்பதிவு செய்வது?
– கல்லூரி மாணவர், காட்பாடி

மூங்கிலும் ஓலையும் பலகையுமாகக் கட்டிய குடில்கள். ஒரு அறையில் நான்கு முதல் எட்டு அடுக்குப் படுக்கை, பொதுக் கழிப்பறை, பொதுச் சமையலறை, வெளியே ஊஞ்சல் படுக்கை, இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. பெரும்பாலும் அவ்வளவுதான். படத்தில் தெரியாத விஷயங்கள்தான் தூக்கத்தைக் கெடுக்கும். முன்பதிவுக்கு முன்பே போனில் கேட்டுவிடுங்கள்.

முதல் கேள்வி தண்ணீர். சின்னத் தீவில் நல்ல தண்ணீர் மழையை நம்பியது. மழை நின்று மார்ச், ஏப்ரல் வரும்போது கிணறு கீழே போகும், கரையோரக் கிணற்றில் உப்பு ஏறும். "குளிக்கிற தண்ணீர் கிணறா, லாரியா, மழைநீர்த் தொட்டியா? ஏப்ரலிலும் இருக்குமா?" என்று கேளுங்கள். தண்ணீரை அளந்து விடும் ஹாஸ்டலைக் குறையாக நினைக்காதீர்கள். வாளியில் குளிக்கச் சொல்கிற இடம்தான் உண்மையைச் சொல்கிற இடம். ஏப்ரலிலும் 24 மணி நேரமும் ஷவர் என்று சொன்னால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது மின்சாரம். இந்தத் தீவுகளில் பெருமளவு டீசல் ஜெனரேட்டர் மின்சாரம், அது நிற்கும். இன்வெர்ட்டரில் விளக்கு மட்டும் எரியுமா, படுக்கைக்கு மேலுள்ள ஃபேனும் ஓடுமா என்பதுதான் கேள்வி. ஃபேன் நின்றால் புழுக்கம், புழுக்கத்தில் கொசு. ஒவ்வொரு படுக்கைக்கும் தனிக் கொசுவலை இருக்கிறதா என்று கேளுங்கள். அறைக்கு ஒரே பெரிய வலை என்றால் எட்டுப் பேரில் யாராவது ஒருவர் திறந்து வைத்துவிட்டுப் போவார்.

கழிப்பறை ஒன்றுக்கு எத்தனை படுக்கை என்பதும் முக்கியம். ஆறு, ஏழு வரை சரி. பத்தைத் தாண்டினால் காலையில் வரிசைதான். உலர் கழிப்பறை என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். அதில் தண்ணீர் ஊற்றாமல் ஒவ்வொரு முறையும் ஒரு குவளை மரத்தூளோ காய்ந்த இலைத் தூளோ போட வேண்டும். கழுவும் இடம் தனியாக, பக்கத்திலேயே இருக்கும். அந்தத் தண்ணீர் குழிக்குள் போனால் மட்காமல் நாறும். நாற்றம் என்று விருந்தினர்கள் புகார் சொல்கிற இடங்களில் பாதிக்கு மேல் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது. சின்னப் பூட்டு ஒன்று கொண்டுபோங்கள். கீழ்ப்படுக்கை வேண்டுமென்றால் முன்பதிவிலேயே எழுதிக் கேளுங்கள். காற்றால் படகு வராமல் நீங்கள் ஒரு நாள் தாமதமானால் அந்த இரவுக்கான பணம் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பழைய விருந்தினர்களின் கருத்துகளைப் படிக்கும்போது நீங்கள் போகிற மாதத்தில் எழுதியதை மட்டும் படியுங்கள். ஜனவரிக்காரர் புகழ்ந்த இடம் மே மாதத்தில் வேறு இடம்.

கடல் பார்த்த அறை எடுத்தும், பகல் முழுக்கப் பாறைதான் தெரிந்தது, குளிக்கவே முடியவில்லை என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். ஏன்?
– மருந்துக்கடை உரிமையாளர், வாணியம்பாடி

ஏற்ற வற்றம் பார்க்காமல் போனதால்தான். கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறத்தாழ 6 மணி 12 நிமிடம். அதனால் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை எட்டு மணிக்கு இடுப்பளவு தண்ணீர் இருந்த இடத்தில், ஒரு வாரம் கழித்து அதே எட்டு மணிக்குப் பவளப்பாறை வெளியே தெரியும். நீலில் பரத்பூர், ஹேவ்லாக்கில் ஐந்தாம் எண் விஜயநகர் கடற்கரை இரண்டுமே ஆழமில்லாதவை. அங்கே குளியல் என்பது ஏற்றத்தை ஒட்டிய இரண்டு மூன்று மணி நேர வேலை. ராதாநகர் மணல் கடற்கரை, வற்றத்திலும் குளிக்கலாம்.

எந்த நாளில் எவ்வளவு வற்றும் என்பதை வீட்டுத் தினசரிக் காலண்டரே சொல்லிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்கள் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமி வாக்கில் இரண்டும் மட்டு. நீலில் லட்சுமண்பூர் பக்கத்து இயற்கைப் பாறை வளைவைப் பார்க்க அமாவாசை, பௌர்ணமி வற்றம் நல்லது. கரையோரம் பரபரப்பில்லாமல் மிதக்க அஷ்டமி வாரம் நல்லது. மணி நேரத்தை இந்திய சர்வே துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத (ஏற்ற வற்ற) அட்டவணையில் பார்க்கலாம், போர்ட் பிளேருக்குத் தனியாகவே உண்டு. நல்ல ஹாஸ்டல்களில் வரவேற்பறைப் பலகையில் அன்றைய நேரத்தை எழுதி வைப்பார்கள்.

தண்ணீர் ஒரே வேகத்தில் இறங்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு மணி நேர இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால், முதல் மணியில் 1, இரண்டாவதில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் 3, 3, பிறகு 2, 1. மொத்த வித்தியாசம் இரண்டு மீட்டர் என்றால் முதல் மணி நேரத்தில் 17 செ.மீ.தான் இறங்கும். மூன்றாம் மணியில் மட்டும் அரை மீட்டர். "இன்னும் தண்ணீர் இருக்கிறதே" என்று பாறைக்கு அப்பால் நீந்திப் போனவர், திரும்பும்போது முழங்கால் தண்ணீரில் பவளத்தின் மேல் நடந்துவர வேண்டியிருப்பது இதனால்தான். பவளமும் உடையும், காலும் கிழியும். கீறலை அப்படியே விட்டால் சீழ் வைக்கும். நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, உள்ளே துகள் இல்லாமல் எடுத்துவிட வேண்டும்.

வெயிலுக்குப் பூசும் கிரீமில் ஆக்ஸிபென்சோன் இல்லாததாக, துத்தநாக ஆக்ஸைடு உள்ளதாகப் பாருங்கள். பவளத்துக்குக் கெடுதல் என்றுதான் பசிபிக் தீவு நாடான பலாவு 2020-லும் ஹவாய் 2021-லும் ஆக்ஸிபென்சோனைத் தடுத்தன. கிரீமைவிட முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்குவது மேல், செலவும் இல்லை. ஓடை கடலில் கலக்கும் இடம், அலையாத்திக் காட்டோரம் இரண்டிலும் இறங்கவே வேண்டாம். உப்புநீர் முதலை உண்டு. எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

என்ன துணி, என்ன செருப்பு? மணல் ஈ கடிக்கும் என்கிறார்களே?
– ஷூ தொழிற்சாலை மேற்பார்வையாளர், ஆம்பூர்

தோலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்புத் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் வெடிக்கும், அந்த ஈரக்காற்றில் நாலே நாளில் பூஞ்சை பிடிக்கும். தோல் செருப்பும் தோல் பர்ஸும் வீட்டிலேயே இருக்கட்டும். ரப்பர் செருப்பு ஒன்று, தண்ணீரில் இறங்கப் பின்பட்டை உள்ளது ஒன்று போதும்.

வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டினாலும் காய்ந்த வெயில், கொடியில் போட்ட வேட்டி அரை மணியில் உலரும். அங்கே 30 டிகிரிதான், ஆனால் காற்றில் ஈரம் அதிகம். ஜீன்ஸ் இரண்டு நாளானாலும் காயாது. பூப்போட்ட கனத்த துவாலையும் அப்படித்தான். மெல்லிய ஈரிழைத் துண்டு இரண்டு, குடியாத்தம் கைத்தறி லுங்கி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். லுங்கி போர்வையாகும், கடற்கரையில் விரிப்பாகும், அடுக்குப் படுக்கையில் திரையுமாகும். மூன்று செட் துணி போதும். மாலையில் அலசிக் கூரைக்குக் கீழே காற்று வரும் பக்கம் போடுங்கள். வெளியே விட்டால் இரவுப் பனியில் மறுபடி நனையும்.

மணல் ஈ கடிக்கும்போது தெரியாது. மறுநாள்தான் தடித்து அரிக்கும், ஒரு வாரம் நீடிக்கும். விடியலிலும் அந்தி நேரத்திலும் ஈர மணலிலும் ஒதுங்கிய கடற்பாசிக் குவியலிலும் அதிகம். அதற்குப் பறக்கும் பலம் குறைவு, காற்று வீசினால் வராது. ஆகவே அந்தியில் மணலில் துண்டு விரித்துப் படுக்காதீர்கள். ஊஞ்சலிலோ நாற்காலியிலோ இருங்கள். கணுக்காலில் தேங்காய் எண்ணெயைத் திக்காகப் பூசினால் தோலில் உட்காரச் சிரமப்படும். டீட் என்னும் பூச்சிவிரட்டி கலந்த மருந்து அதைவிட உறுதி. கடித்த இடத்தைச் சொறியாதிருப்பதுதான் கடினமான பகுதி. சொறிந்தால் அந்த ஈரத்தில் புண்ணாகிவிடும்.

தனியாகப் போகிற பெண்ணுக்குச் சரிப்படுமா?
– வங்கி ஊழியர், ஆரணி

சரிப்படும். பெண்களுக்கு மட்டுமான டார்மிட்டரி உள்ள ஹாஸ்டலாகப் பாருங்கள். கழிப்பறை அறையோடு சேர்ந்ததா, தோப்பைக் கடந்து போக வேண்டுமா என்று கேளுங்கள். டார்ச் அவசியம். டிசம்பரில் மாலை ஐந்து மணிவாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். நாம் 79-ஆம் தீர்க்கரேகையில், அவர்கள் கிட்டத்தட்ட 93-இல். ரேகைக்கு 4 நிமிடம் வீதம் ஒரு மணி நேரம் நெருங்கும் வித்தியாசம், கடிகாரம் மட்டும் ஒன்றே. ஆகவே "ஆறு மணிக்குள் திரும்பிவிடுவேன்" என்ற நம்ம ஊர்க் கணக்கு அங்கே இருட்டில் சைக்கிள் ஓட்டுவதாக முடியும். நான்கரைக்கே கிளம்புங்கள். காலையில் ஐந்தேகாலுக்கே வெளிச்சம் வந்துவிடும், நடைக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். போர்ட் பிளேரில் தமிழ் பேசுவோர் நிறைய. நீலிலும் ஹேவ்லாக்கிலும் வங்காளக் குடும்பங்களே அதிகம், இந்தி புரியும். பருப்பு, சோறு, காய், மீன் என்று சாப்பாட்டுக்குக் குறையில்லை. நீலில் காய்கறி அங்கேயே விளைகிறது. சைவக்காரர்கள் பொதுச் சமையலறையில் ரசம் வைத்துக்கொள்ளலாம், ஒரு டப்பா ரசப்பொடி மட்டும் கையில் இருக்கட்டும்.

அங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கலாமா?
– மென்பொருள் பணியாளர், வேலூர்

பார்க்கலாம், ஆனால் அதற்குப் பெயர் ஓய்வல்ல. சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடியிழைக் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்த பிறகு முன்பைவிட எவ்வளவோ மேல். ஹேவ்லாக்கில் கடைத்தெருப் பக்கத்து ஹாஸ்டலில் சிக்னல் கிடைக்கும். தோப்புக்குள் தள்ளிப்போகப் போகக் குறையும். வீடியோ மீட்டிங் தவிர்க்க முடியாதென்றால் அந்த வாரம் போக வேண்டாம். ஏடிஎம் சில சமயம் காலியாக இருக்கும், நெட் போனால் போன் வழிப் பணமும் நிற்கும். முழுச் செலவுக்கான ரொக்கம் கையில் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து மே மாதம்தான் முடியும். போகலாமா?
– இல்லத்தரசி, திருப்பத்தூர்

ஏப்ரல் கடைசியும் மே முதல் வாரமும் பரவாயில்லை. மே மூன்றாவது வாரத்தில் பருவமழை அந்தமானைத் தொட்டுவிடும். போர்ட் பிளேரில் ஆண்டு மழை சுமார் 3,000 மி.மீ., நம் பக்கத்தைப்போல் மூன்று மடங்கு. புயல் காலமும் ஏப்ரல், மேயில் ஒரு முறை, நவம்பர் வாக்கில் மறுமுறை. ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட்டாக எடுங்கள். ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு மேல் படுக்கை வேண்டாம். பல ஹாஸ்டல்கள் டார்மிட்டரியில் குழந்தைகளைச் சேர்ப்பதும் இல்லை. தனிக் குடில் கேளுங்கள்.

மூன்று நாள்தான் இருக்கிறது.
– போளூர் வாசகர்

தீவு வேண்டாம், வழியிலேயே முடிந்துவிடும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கோ ஏலகிரிக்கோ போய் ஒரே இடத்தில் இரண்டு இரவும் தங்குங்கள். ஜமுனாமரத்தூர் உங்களுக்குப் பக்கம். ஏலகிரியில் சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது, திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள்.

டைவிங் செய்துவிட்டு மறுநாள் விமானம் ஏறலாமா? சங்கு, சிப்பி கொண்டுவரலாமா?
– பெட்டிக்கடைக்காரர், ஆற்காடு

டைவிங்குக்குப் பிறகு உடம்பில் தங்கிய நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போது அது குமிழியாகி மூட்டு, நரம்பு வரை பாதிக்கலாம். குறைந்தது 18 மணி நேரம், எங்கள் யோசனையில் முழு 24 மணி நேரம் இடைவெளி விடுங்கள். முதல் பதிலில் சொன்ன கடைசி இரவு இங்கேயும் கைகொடுக்கும். டைவிங்கைப் பயணத்தின் தொடக்கத்தில் வைத்தால் இந்தக் கணக்கே வேண்டாம். மூக்கடைப்பு, காது வலி இருந்தால் இறங்கவே கூடாது. மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, இதயக் கோளாறை மறைக்காமல் எழுதுங்கள்.

கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டைக்கூட எடுக்கக் கூடாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது, சிலவகைச் சங்குகளும் அப்படியே. விமான நிலைய ஸ்கேனரில் தெரியும், பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம். கடையில் சிப்பிப் பொருள் வாங்கினால் உரிமம் உள்ள கடையா என்று பார்த்து, ரசீதைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். பிள்ளைகள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டதையும் ஹாஸ்டலை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்து, எடுத்த கரையிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள்.